கொழுந்துக்குள் நடக்கும் பேச்சு

அனைவருக்கும் வணக்கம். செடிக்கு வாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் செல்கள் எப்படிப் பேசும் என்று வாசலிலேயே ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான்.

கடலூர்க்காரர்களுக்கு 'தானே' என்ற புயலிலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும். 2011 டிசம்பர் 30 அன்று அது கரையைக் கடந்தபோது தலை முறிந்த தென்னை மொட்டையாக நின்று பட்டுப்போனது. முந்திரி அப்படியல்ல. வேர் பிழைத்திருந்தால் ஒடிந்த கட்டையிலும் துளிர்க்கும். தென்னைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று, குருத்துக்குள் இருக்கிறது. முந்திரிக்குக் கணுவிலும் பட்டைக்கடியிலும் பக்கமொட்டுகள் உறங்குகின்றன.

அவற்றை உறங்க வைப்பது யார்? நுனிதான். அங்குள்ள இளம் இலைகளில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்குகிறது. 1930களில் திமான், ஸ்கூக் என்ற இருவர் அவரைச் செடியின் நுனியை வெட்டி, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாமலே மொட்டுகள் அடங்கிக் கிடந்தன. முருங்கைக்கன்றின் நுனியைக் கிள்ளிவிடுகிறோமே, அந்தத் தடையை எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் ஆக்சின் மொட்டுக்குள் போய் எதுவும் சொல்வதில்லை. தண்டிலேயே நின்று, மொட்டை அடக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது; எழுப்பிவிடும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனைக் குறைக்கிறது. சர்க்கரைக்கும் இதில் பங்குண்டு. நுனியை வெட்டிய பட்டாணிச் செடியில், ஆக்சின் குறைந்த சேதி கீழே வந்து சேருமுன்பே மொட்டு விழித்துக்கொள்கிறது. நுனி எடுத்துக்கொள்ளாமல் மிச்சமான சர்க்கரை முந்திப் போய்விடுகிறது என்று 2014இல் காட்டினார்கள். பாடப்புத்தகங்கள் ஆக்சினை மட்டும் ராஜாவாக்கி வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

சரி, நுனிக்குள் போவோம். அங்கே பேச்சு பக்கத்து வீட்டுப் பேச்சு. ஒட்டுச்சுவரில் வாசல் வைத்ததுபோல, செல்களின் சுவர்களை ஊடுருவிச் சுமார் 50 நானோமீட்டர் அகலத்தில் நுண்குழாய்கள் ஓடுகின்றன. உள்ளே இருக்கும் சில செல்கள் வூஷல் என்ற புரதத்தைச் செய்து, இந்த வழியாக மேலே அனுப்புகின்றன: "நீங்கள் ஸ்டெம் செல்லாகவே இருங்கள்." அதாவது, எந்த வேலைக்கும் ஒதுங்காமல் புதுச் செல்களைத் தந்துகொண்டே இருக்கும் செல்லாக. மேலே இருப்பவை பதிலுக்கு க்ளாவேட்டா-3 என்ற குட்டிப் பெப்டைடைச் சுரக்கின்றன. பன்னிரண்டு பதின்மூன்று அமினோ அமிலம் கோத்த, புரதத்தைவிடச் சின்னச் சங்கிலிதான். அது சொல்வது: "போதும், வூஷலைக் குறை." இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் வளர்முனை வீங்காமலும் தேயாமலும் நிற்கிறது.

தக்காளியின் வளர்முனை நடுவில் உள்ள செல்களை லேசரால் சுட்டுப் பார்த்தார்கள். சுற்றியிருந்த செல்கள் புதிய நடுவத்தை அமைத்துக்கொண்டன. ஆக, எந்தச் செல்லும் பிறக்கும்போதே தலைவனாகப் பிறப்பதில்லை. அக்கம்பக்கம் சொல்வதை வைத்துத் தன் வேலையைத் தெரிந்துகொள்கிறது.

"போதும்" என்ற குரல் தளர்ந்தால்? வளர்முனை வீங்கும், அதில் வரும் பழத்தில் விதையறைகளும் கூடும். கொல்லையில் விளைந்த, விலாவிலாவாகப் புடைத்த நாட்டுத் தக்காளியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். காட்டுத் தக்காளிக்கு விதையறை இரண்டுதான். பழம் பெரிதாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கியவர்கள், தெரியாமலே இந்த உரையாடலில் கைவைத்துவிட்டார்கள். க்ளாவேட்டா-3 மரபணுவை ஒட்டி ஒரு மாற்றம், வூஷலை ஒட்டி இன்னொன்று. இரண்டும் சேர்ந்த ரகங்களில் அறைகள் எட்டைத் தாண்டும்.