பழைய கல்வீட்டை வாடகை வீடாக்குதல்: முதற்காசு சுவருக்கும் கிணற்றுக்கும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், பெரியம்மாவின் வீட்டு விறாந்தையில் நின்று பேசுகிறேன். அவர் கனடாவில் இருக்கிறார். வீடு நீண்ட காலமாகப் பூட்டிக் கிடந்தது. திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இங்கிருந்து கிட்டத்தான்; தங்க இடம் தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அதனால் வீட்டைத் திருத்தி அவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கப்போகிறோம். இப்படியொரு வீட்டை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகவே இந்தக் காணொளி. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லி உங்களிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். அவசரப்படாதீர்கள்.

இந்தச் சுவரைப் பாருங்கள், கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரை சாம்பல் நிறப் பூச்சுத் தெரிகிறதா? அது பிற்காலத்தில் யாரோ பூசிய சீமெந்து. அதற்கு மேலே வெள்ளையாகப் பொருக்கு வெடித்திருக்கிறது. விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. அது உப்பு. சீமெந்து பூசிய பகுதி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது தட்டுகிறேன், கேளுங்கள். உள்ளே கோறைச் சத்தம். பூச்சு கல்லை விட்டுக் கழன்றுவிட்டது.

இந்த வீடு சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. அந்தக் காலத்து அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்து ஈரம் கல்லினூடாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால், வெயில் காலத்தில் அந்த ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிப் போய்விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் பூச்சு முடியும் இடம்வரை ஏறி, அங்கே வெளியே வருகிறது. தண்ணீர் காய்ந்ததும் அதில் கரைந்திருந்த உப்பு பளிங்காகிப் பூச்சை உடைக்கிறது. அதற்கு மேலேயும் சீமெந்தைப் பூசினால் வருத்தம் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான். நிலம் முழுவதும் மாபிள் பதித்தாலும் இதே கதைதான்: நிலத்தால் வெளியேற முடியாத ஈரம் சுவருக்குத்தான் போகும்.

சீமெந்து கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. காங்கேசன்துறையில் 1990 வரை இயங்கிய தொழிற்சாலை, நமது சுண்ணக்கல்லைக் கொண்டுதான் சீமெந்து செய்தது. புதிதாகக் கட்டும் குளியலறைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் சீமெந்துதான் வேண்டும். இந்தப் பழைய சுவருக்கு அது ஒத்துவராது.

ஆகவே சீமெந்தைக் கொத்தி எடுக்கிறோம். சுவரைக் காயவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்கவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். பிறகு நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்து மெல்லிய படைகளாகப் பூசவேண்டும். நீற்றுவதற்காகச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் யாரையும் கிட்ட விடாதீர்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும். அதனால் சுவரில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டுப் பொறுமையாக இருக்கவேண்டும். கடைசியில் வெள்ளையடிப்புத்தான், இமல்சன் பெயின்ற் வேண்டாம்.

கூரையில் வேலை அதிகமில்லை. பனஞ்சிலாகைகள் வைரம் பாய்ந்தவை. ஓடு உடைந்து மழை இறங்கிய இடத்தில் மட்டும் உக்கியிருக்கின்றன. பனையைத் தறிக்க அனுமதி எடுக்கவேண்டும் என்பதால், பிரித்த வீடுகளின் பழைய சிலாகைகளைத் தேடி வாங்குகிறோம். குசினிக்கு மேலே இருப்பது அஸ்பெஸ்டஸ் சீற். அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்குங்கள். மின்சார வயர்கள் எல்லாவற்றையும் மாற்றுகிறோம். எர்த் கம்பியும் ட்றிப் சுவிட்சும் இல்லாத வீட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

இனிக் கிணறு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. காலுக்குக் கீழே சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மலக்குழித் தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் அந்த வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்விடலாம். முன்பு ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பத்து மாணவர்களை வைத்தால் குழியின் சுமை எத்தனை மடங்காகும், யோசியுங்கள். கிணற்றிலிருந்து தள்ளி வெட்டினால் மட்டும் போதாது. அடியும் பக்கமும் ஒழுகாத தொட்டி கட்டவேண்டும். குடிவைக்க முன் தண்ணீரில், கழிவிலிருந்து வந்து கரையும் நைத்திரேற்று என்ற உப்பும் மலக்கிருமியும் இருக்கின்றனவா என்று பரிசோதியுங்கள். கிருமி கொதிக்க வைத்தால் சாகும், நைத்திரேற்று போகாது. சீலிங்கும் மாபிளும் போட்டு வாடகையைக் கூட்டிவிட்டு, இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவது பெரிய அநியாயம்.

எழுத்து வேலையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் கையெழுத்திட அற்றோணித் தத்துவம் வேண்டும். காணி உறுதியில் சகோதரர்களின் பெயரும் இருந்தால், அவர்களின் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1840 ஆம் ஆண்டின் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதவேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த மேசன்மார் இப்போது மிகவும் குறைவு. உங்கள் ஊரில் யாராவது இருந்தால் ஊரின் பெயரை மட்டும் கீழே எழுதுங்கள், நான் நேரில் வந்து பார்க்கிறேன். எங்களோடு வேலை செய்யும் இளம் பொடியன்கள் இருவர் பக்கத்தில் நின்று பழக ஆயத்தமாக இருக்கிறார்கள். சம்பளமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.