படிக்கட்டை எடுத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். “பழுதடைந்த நவீனப் பொதுக்கலைப் படைப்புகளைக் காப்பது வீண்செலவா, கடமையா?” என்பது தலைப்பு. கடமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

“மக்களே வெறுத்த கான்கிரீட் குவியலுக்கு மக்கள் பணமா?” என்று எதிரணி நண்பர் கேட்டார். பலத்த கைத்தட்டல். சரி, மக்கள் வெறுத்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தில், டர்ஹாம் வட்டாரத்தில் பீட்டர்லீ என்ற ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுந்த புதுநகரம். ஊருக்கு வைத்ததே ஒரு சுரங்கத் தொழிற்சங்கத் தலைவரின் பெயர்தான். அந்நகரின் வடிவமைப்பில் பங்கேற்ற ஓவியர் விக்டர் பாஸ்மோர், 1969-இல் அங்கே ஒரு சிறு ஏரியின் மேல் அப்பல்லோ பெவிலியன் என்ற கான்கிரீட் சிற்பத்தை, நடைபாலமாகவும் பயன்படும்படி வடிவமைத்தார். நிலவுப் பயணத்தின் பெயர் அதற்கு. ஏறலாம், நின்று பேசலாம், பிள்ளைகள் விளையாடலாம், குடியிருப்பின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு நடந்தும் போகலாம். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி மறைக்காத ஒரு சிற்பம்! எனக்கு அந்த எண்ணமே பெரிதாகத் தோன்றுகிறது.

பிறகு என்ன ஆயிற்று? விளக்குகள் அணைந்தன. சுவரோவியங்கள் மங்கின. இளைஞர்கள் இரவில் கூடினார்கள், கிறுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பட்ட தொல்லை உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். அதற்கு மருந்தாகப் படிக்கட்டை எடுத்தார்கள். ஏறி நடக்கச் செய்த ஒன்றை ஏற முடியாததாக்கிவிட்டு, “இதனால் யாருக்கு என்ன பயன்? இடித்துவிடு” என்றார்கள்.

கூரை ஒழுகும்போது ஓர் ஓலை செருகாதவர், ஒழுகுகிறது என்று வீட்டைக் குறை கூறலாமா, நடுவர் அவர்களே? மக்கள் வெறுத்தது இருட்டை, அழுக்கை, கேட்பாரற்ற நிலையை. அந்த வெறுப்பைச் சிற்பத்தின் தலையில் கட்டியது நியாயமில்லை.

காத்தவர்கள் யார் என்பதையும் கேளுங்கள். அந்த ஊர்க்காரர்களே தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள், ஆண்டுக்கணக்கில் பேசினார்கள், லாட்டரி வருவாயில் இயங்கும் பாரம்பரிய நிதியத்தின் உதவி கிடைத்தது. 2009-இல் புதுப்பித்தபோது சுவரோவியங்கள் மீண்டன, விளக்குகள் எரிந்தன, படிக்கட்டும் திரும்பியது. 2011-இல் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் இரண்டாம் உயர்நிலைத் தகுதி அதற்குக் கிடைத்தது.

எதிரணி நண்பர் செலவுக் கணக்கைக் கேட்டார். நான் கேட்கும் கணக்கு வேறு. கான்கிரீட்டின் விரிசலில் மழைநீர் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டையே பிளக்கும். விரிசலை அடைக்காமல் விட்ட அத்தனை ஆண்டுகளின் கணக்கை யார் பெயரில் எழுதுவது? சிற்பத்தின் பெயரிலா?

அதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் விடை சொல்லட்டும். நன்றி, வணக்கம்.