தெளிப்பானைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பயிரின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி என்று சொன்னாலே பலருக்கும் கை தானாகத் தெளிப்பானைத் தேடும். கோதுமை, பார்லி, சோளம் எதுவாக இருந்தாலும் இதே கதைதான். காலையில் வயலுக்குப் போகிறோம், வரப்போரமாக நாலு கதிரைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறோம், பச்சைப் பச்சையாக அப்பிக்கிடக்கிறது, இலையெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வேறு வரிசையாக ஏறி இறங்குகிறது, பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிடுகிறது, மதியத்துக்குள் மருந்து வாங்கியாயிற்று. அந்தக் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது. எண்ணுவது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எதற்காக எண்ண வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கருக்கு மருந்து, ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஆகிற செலவு 40 கிலோ தானியத்தின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அசுவினி தின்னப்போவது 15 கிலோ. மருந்து முழுக்க வேலை செய்தாலும் உங்களுக்கு 25 கிலோ நஷ்டம்தானே. இழப்பு அந்த 40 கிலோவைத் தொடும் அளவுக்கு எத்தனை பூச்சி வேண்டுமோ, அதுதான் சேத மட்டம். ஆனால் அது வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் காரியம் கெட்டுவிடும், ஏனென்றால் மருந்து வாங்கி, ஆள் பிடித்து, காற்று அடங்கட்டும் என்று பார்த்து நிற்பதற்குள் அசுவினி பல மடங்காகிவிடும். அதனால் அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு போட்டு, இதைத் தொட்டால் இறங்கு என்கிறார்கள். அந்தக் கோடுதான் நடவடிக்கை மட்டம். 1959-ல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நாலு பூச்சியியலாளர்கள் இதைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். அவர்களை அந்த வேலையில் இழுத்துவிட்டதே குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் வந்த ஒரு அசுவினிதான், அடித்த மருந்துக்கெல்லாம் பழகிப்போன ஒன்று!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தானிய விலை ஏறினால் கோடு கீழே இறங்கும், மருந்துச் செலவு ஏறினால் மேலே போகும். ஆகவே யாரோ சொன்ன எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா வயலிலும் ஒட்டவைக்க முடியாது. பயிருக்குப் பயிர், அசுவினிக்கு அசுவினி அது மாறும். உதாரணத்துக்கு, பிரிட்டனில் கோதுமையில் வரும் கதிர் அசுவினிக்கு, பூக்கத் தொடங்கும் முன் பாதித் தூர்களில் (ஒரு செடியிலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தாளும் ஒரு தூர்) பூச்சி இருக்க வேண்டும், பூக்கத் தொடங்கிய பிறகு மூன்றில் இரண்டு பங்குத் தூர்களில் இருக்க வேண்டும், அப்போதுதான் மருந்து என்கிறார்கள். பாதித் தூர்! நம்மில் பலர் பத்தில் ஒன்றைப் பார்த்தாலே தூக்கத்தைத் தொலைத்துவிடுவோம்.

இந்த முறையில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பூச்சியாக எண்ண வேண்டியதில்லை, இந்தத் தூரில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதும். வரப்பை விட்டு உள்ளே போங்கள், ஓரத்தில் பெரும்பாலும் கூட்டம் அதிகம், அதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் நின்று இடத்துக்குப் பத்துத் தூர், ஆக நூறு. கதிரைப் பாருங்கள், கதிருக்குக் கீழே இருக்கும் கடைசி இலையான கண்ணாடி இலையின் அடிப்பக்கம் பாருங்கள், தாளைச் சுற்றியிருக்கும் இலையுறையையும் விலக்கிப் பாருங்கள், சில வகைகள் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். இலை மேல் வெள்ளையாகத் தூசி மாதிரி கிடப்பது பெரும்பாலும் உரித்துப்போட்ட சட்டை, அதைப் பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணியதை ஒரு துண்டுக் காகிதத்திலாவது குறித்துவைத்து மூன்று நாலு நாள் கழித்து மறுபடி அதே நடை நடங்கள். முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வது அதுதான். நடுவில் ஒரு நல்ல மழை அடித்தால் ஒரு பங்குக் கூட்டம் மண்ணோடு போயிருக்கலாம்.

ஏறினால் வேகமாக ஏறும், அதையும் மறைக்கவில்லை. பயிர்க் காலத்தில் அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையும் இல்லாமல் நேராகக் குட்டி போடும், பிறக்கிற குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறை வளர ஆரம்பித்திருக்கும். வெயிலும் பயிரும் தோதாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குட்டியும் தாயாகிவிடும். தழைச்சத்தை அள்ளிப்போட்ட வயல் என்றால் அதற்கு விருந்து.

அப்புறம் அசுவினியைத் தின்கிற இன்னொரு கூட்டத்தையும் எண்ண வேண்டும். பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் புழுவைத்தான் தெரியாது. கருப்பாக, நீளமாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். நானே பழகத் தொடங்கிய நாளில் இது ஏதோ புதுப் பூச்சி என்று நினைத்து விரலால் நசுக்கியிருக்கிறேன். வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினியைத் தின்றிருக்க வேண்டிய புழு அது. அடுத்தது மம்மி, அதாவது குளவிப் புழு உள்ளே வளர்ந்து தின்று தீர்த்த அசுவினியின் கூடு. அசுவினிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் உப்பி, வைக்கோல் நிறத்தில், தொட்டால் நகராமல் இலையோடு ஒட்டிக்கிடக்கும். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், முதுகுப் பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை, சிலதில் மூடி மாதிரி ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே வளர்ந்த குட்டிக் குளவி வெட்டித் திறந்துகொண்டு போன கதவு அது. இப்படி மம்மிகள் கூடிக்கொண்டே வருகிற வயலில், எண் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் நான் இன்னொரு எண்ணிக்கைக்குக் காத்திருப்பேன். ஏனென்றால் பைரித்ராய்டு மாதிரி எதையும் விட்டுவைக்காத மருந்தை அங்கே அடித்தால் முதலில் காலியாவது குளவியும் பொறிவண்டும்தான், தப்பிய நாலு அசுவினி கேட்பாரில்லாமல் பெருகும். அதுவும் பிரிட்டனில் கதிர் அசுவினியிலேயே பைரித்ராய்டைத் தாங்கும் வகை வந்துவிட்டது.

பருவமும் முக்கியம். பூப்பதிலிருந்து பால் பிடிக்கும் வரை கதிரில் இருக்கும் அசுவினிதான் மணியின் எடையை அதிகம் குறைக்கும். மாவு இறுகிய பிறகு எத்தனை இருந்தாலும் மருந்து வீண்செலவு, கூடவே தானியத்தில் மருந்து எச்சம்.

சரி, இத்தனை பொறுமையும் ஒரு இடத்தில் செல்லாது. அசுவினி பரப்பும் வைரஸ் நோயான பார்லி மஞ்சள் குட்டை நோய் வருகிற பகுதியாக இருந்து, பயிர் சின்னதாக இருந்தால், மேலே சொன்ன பாதித் தூர் கணக்கெல்லாம் அங்கே உதவாது. வைரஸைச் சுமந்துவரும் இறக்கை உள்ள அசுவினி சிலதே போதும், நோயைப் பரப்புவது அதன் பேரப்பிள்ளைகள், இறக்கை இல்லாமல் செடிக்குச் செடி நடந்து போகிறவை. அதனால் அங்கே எண்ணிக்கையோடு வெப்பத்தையும் கணக்கு வைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பம் 3 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு போனதோ அதைக் கூட்டிக்கொண்டே வந்து, 170 ஆனால் இரண்டாம் தலைமுறை பிறந்திருக்கும் என்று பிரிட்டனில் கணக்கு. அதற்குள் வயலைப் பார்த்துவிட வேண்டும்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்று வந்தால், உங்கள் பயிருக்கு அனுமதித்ததை, லேபிளில் உள்ள அளவில், காற்று அடங்கிய நேரத்தில் அடியுங்கள். லேபிளில் சொன்ன நாள் கழிந்ததும் அதே பத்து இடத்துக்குப் போய் மறுபடி எண்ணுங்கள். குறையவில்லை என்றால் அதே மருந்தைக் கூடுதலாகக் கலக்காதீர்கள், பழகிப்போன பூச்சியாக இருக்கலாம், வேறு பிரிவு மருந்துக்கு மாறுங்கள். குறித்துவைத்த அந்தத் துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த பருவத்தில் இதே வயலில் நிற்கும்போது தேவைப்படும்.

வணக்கம்.