கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ஆடட்டும்

நடுவர் அய்யாவுக்கு வணக்கம், எதிரணி அக்காவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம், ஞாயித்துக்கிழமையும் விடியக்காலைல எழுந்து பிள்ளைங்கள கிரவுண்டுக்கு கூட்டிட்டு வர்ற இங்க இருக்கிற எல்லா அப்பா அம்மாவுக்கும் ரொம்ப ரொம்ப வணக்கம்.

தலைப்ப இன்னொரு தடவ சொல்லிடறேன். ஃபுட்பால் ஆடற பிள்ளைக்கு பெத்தவங்க துணையா நிக்க வேண்டியது கோட்டு ஓரத்துலயா, இல்ல கோட்டுக்குத் தள்ளியா? நான் தள்ளி நிக்கணும்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின அக்கா, கோச் ஒரே ஆளு முப்பது பிள்ளையப் பாக்கறாரு, என் பிள்ளைக்கு நான் குரல் குடுக்கலன்னா யாரு குடுப்பான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஏன்னா நானும் அப்படித்தான் கத்திட்டு இருந்தேன்.

என் பையனுக்கு ஒம்போது வயசு, லெஃப்ட் பேக் ஆடறான், அதாவது இடது பக்கம் பின்னாடி நின்னு எதிரணியத் தடுக்கிற எடம். போன வருஷம் ஒரு மேட்ச்ல பந்து அவன் கால்ல இருக்கு, நான் இந்தப் பக்கம் இருந்து ஏறு ஏறுன்னு கத்தறேன், அந்தப் பக்கம் கோச் நில்லு, பாஸ் குடுன்னு சொல்றாரு, அவன் என்ன பண்ணான் தெரியுமா, பந்தப் பாக்கல, எதிர்ல வர்ற பையனப் பாக்கல, தலையத் தூக்கி என்னப் பாத்தான். அப்பா சொல்றதா கோச் சொல்றதான்னு அந்தக் கண்ணு கேக்குது, அதுக்குள்ள பந்து போயிடுச்சு, கோலும் விழுந்துடுச்சு. கோல் போனது போகட்டும்னு விட்டிருந்தாலும் பரவால்ல, வீட்டுக்கு வர்ற இருபது நிமிஷமும் ஸ்கூட்டர்ல அதையே பேசிட்டு வந்தேன். ஏன் ஏறல, ஏன் திரும்பல, எத்தன தடவ சொல்றது. பின்னாடி உக்காந்து என் இடுப்பப் புடிச்சிட்டு வந்த பையன் பாதி வழில கைய எடுத்து சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கம்பியப் புடிச்சிக்கிட்டான். அந்தக் கை விலகினது எனக்கு இன்னமும் இடுப்புல தெரியுது அய்யா.

கிரிக்கெட்னா ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் நடுவுல நேரம் இருக்கு, கேப்டன் வந்து சொல்லலாம், பக்கத்துல இருக்கிறவன் சொல்லலாம். ஃபுட்பால்ல அப்படி இல்ல, பந்து வந்துட்டே இருக்கும், பாஸ் குடுக்கறதா, பந்த உருட்டிட்டே ஓடறதா, கோலுக்கு அடிக்கறதாங்கறத அந்த நொடியில ஆடறவன்தான் முடிவு பண்ணணும், அந்த முடிவு எடுக்கிற பழக்கம்தான் இந்த விளையாட்டோட பாதி. நாம வெளில இருந்து சொல்லச் சொல்ல அவன் முடிவு எடுக்கவே கத்துக்க மாட்டான், நம்ம வாயப் பாத்து ஓட மட்டும் கத்துப்பான். நாளைக்கு பெரிய கிரவுண்டுல கூட்டம் சத்தம் போடும்போது நம்ம குரல் அவனுக்குக் கேக்காது, அன்னைக்கு அவன் என்ன பண்ணுவான்?

அண்ணன் சொன்னாரு, இதெல்லாம் நம்ம ஊருக்கு சரிப்படாதுன்னு. சரி, நம்ம ஊரையே பாப்போம். வடசென்னை வியாசர்பாடில தெருவுக்குத் தெரு பந்து உருளும். அங்க இருந்து வந்த தனபால் கணேஷ் 2018ல ஐஎஸ்எல்ங்கற இந்திய ஃபுட்பால் லீக் கப் ஜெயிச்ச சென்னையின் எஃப்சி டீம்ல மிட்ஃபீல்டரா, அதாவது நடுவுல ஆடறவரா ஆடினாரு. அந்தத் தெருக்கள்ல ஆடற பசங்கள ஒரு சாயங்காலம் நின்னு பாருங்க, யாரு கோல்கீப்பர், எது ஃபவுல், எது கோட்டுக்கு வெளில, எல்லாத்தையும் பசங்களே சண்ட போட்டு முடிவு பண்ணிக்கிறாங்க, ஒரு பெரியவரும் ஓரத்துல நின்னு கத்தறது இல்ல. வேலைக்குப் போயிருக்கிற அப்பாவுக்கு அந்த நேரமும் கெடையாது. அதுல பிள்ளைக்குக் கெடைக்கிற புத்திய காசு குடுத்து வாங்க முடியாது.

வெளிநாட்டுலயும் இந்தப் பிரச்சனை இருக்கு. இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் 2008ல ரெஸ்பெக்ட்னு ஒரு திட்டம் கொண்டுவந்து, பிள்ளைங்க மேட்ச்ல பெத்தவங்க கோட்டுக்குத் தள்ளி கயிறு கட்டின எடத்துக்குப் பின்னாடி நிக்கணும்னு வெச்சாங்க, அவ்வளவு தூரம் போயிருக்கு கத்தறது. நார்வேல குழந்தைங்க விளையாட்டுக்குன்னே 1987ல இருந்து விதி எழுதி வெச்சிருக்காங்க, பதினோரு வயசு ஆகற வரைக்கும் ரிசல்ட் பட்டியல், ரேங்க் எதுவும் வெளியிடறது இல்ல. ஜெயிக்கிறது வேணாம்னு யாரும் சொல்லல, அந்த வயசுல பிள்ளைக்கு ஆட்டம் பிடிச்சிருக்கணும், அது பிடிச்சிருந்தாதான் பதினஞ்சு வயசுலயும் வருவான்.

அப்ப தள்ளி நின்னா அக்கற இல்லன்னு பிள்ளை நினைக்காதான்னு அக்கா கேட்டாங்க. தள்ளி நிக்கிறவனுக்குத்தான் அக்கா வேலையே அதிகம். பத்து வயசுப் பிள்ளைக்கு நாலாம் நம்பர் பந்துதான், பெருசா இருந்தா சீக்கிரம் கத்துப்பான்னு அஞ்சாம் நம்பர் வாங்கித் தராதீங்க. வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெரிய பூட் வாங்காதீங்க, கால் உள்ள வழுக்கி கொப்புளம் வரும். முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் மாட்டற ஷின் கார்டு இல்லாம மேட்ச்ல எறக்க மாட்டாங்க, அது ரூல்ஸ்லயே இருக்கு, முந்தின நாள் ராத்திரியே பைல வெச்சிடுங்க. குதிகால் வலிக்குதுன்னு சொன்னா சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க, எட்டு வயசுல இருந்து பதினாலு வயசுக்குள்ள வளர்ற வேகத்துல குதிகால் எலும்புல வர்ற வலி நெறைய பிள்ளைங்களுக்கு இருக்கு, கொஞ்ச நாள் ஓட்டத்தக் கொறச்சு டாக்டர்ட்ட காட்டினா சரியாகும், வலியோட ஓட வெச்சா இழுத்துக்கிட்டே போகும். சென்னை வெயிலுக்கு தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடுங்க. மேட்ச்சுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி போதும், வயித்த ரொப்பி அனுப்பாதீங்க. கோச்சுகிட்ட கேள்வி இருந்தா மேட்ச் முடிஞ்ச சூட்டுல கேக்காம மறுநாள் தனியா கேளுங்க, பிள்ளை காதுல விழாம. ரெஃபரி பெரும்பாலும் நம்ம பிள்ளைங்கள விட கொஞ்ச வயசு பெரிய காலேஜ் பையன், அவனும் கத்துக்கிட்டுதான் இருக்கான், அவனத் திட்டினா உங்க பிள்ளையும் திட்டும். கை தட்டுங்க, எதிர் டீம் பிள்ளை நல்லா ஆடினாலும் தட்டுங்க. இதுல எதுக்குமே கோட்டு ஓரத்துல நின்னு கத்த வேண்டியது இல்ல.

மூணு மாசமா நான் கோல்போஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில நிக்கிறேன். மொத ரெண்டு வாரம் தொண்டை வரைக்கும் வந்த வார்த்தைய முழுங்கறது அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு. வண்டில ஏறினதும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன், நீ ஆடறத பாக்க நல்லா இருந்துச்சுடா. அதோட நிறுத்திக்குவேன், மிச்சம் அவன் பேசினா கேப்பேன், பேசலன்னா ரோட்டப் பாத்து ஓட்டுவேன்.

போன ஞாயித்துக்கிழம நாலுக்கு ஒண்ணுன்னு தோத்துட்டு வந்தாங்க. சிக்னல்ல நின்னப்ப பின்னாடி இருந்து என் ஹெல்மெட்டத் தட்டினான். அப்பா, அந்த ரெட் ஜெர்சி பையன் எப்பவும் வெளிப்பக்கமாவே ஓடறான்ப்பா, ஒரு தடவ கூட உள்ள வரல, அடுத்த தடவ நான் கோட்டுப் பக்கம் முன்னாடியே போய் நின்னுக்குவேன்னான். இத யாரும் அவனுக்குச் சொல்லித் தரல அய்யா, நானும் சொல்லல, கோச்சும் சொல்லல. சிக்னல் விழுந்து பின்னாடி ஹார்ன் அடிச்சிட்டாங்க, அவன் பேசி முடிக்கிறவரைக்கும் வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அய்யா, உக்காந்துக்கறேன், நன்றி.