சாப்பாட்டு இடைவேளையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

(திருவல்லிக்கேணியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கிரிக்கெட் என்றதும் யாருடைய சதம், யாருடைய விக்கெட் என்று பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். திருவல்லிக்கேணியில் அதற்குப் பஞ்சமா? நான் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றி.

ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி எழுந்து வந்து ஆடுகிற விளையாட்டு கிரிக்கெட். கால்பந்தில் இந்த வம்பு கிடையாது. சாப்பாடு என்று வந்துவிட்டால் யார் யாரோடு உட்காரலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அந்தக் கேள்வி வெள்ளைக்காரருக்கும் இருந்தது, நமக்கும் இருந்தது. இந்த விளையாட்டின் சமூக வரலாற்றை ஸ்கோர் புத்தகத்தில் தேடுவதைவிட அந்த இடைவேளையில் தேடுவது மேல் என்பது என் கட்சி.

முதலில் இடத்தைப் பார்ப்போம்: சேப்பாக்கம் மைதானம். இங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு பக்கம் வாலாஜா சாலை, ஒரு பக்கம் பெல்ஸ் சாலை, பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய். பட்டாபிராமன் கேட்டில் டிக்கெட்டுக்காக வெயிலில் நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த நிலம் ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை வளாகம். 1855-ல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. அரண்மனையை ஏலத்தில் விட்டு, தானே எடுத்தும் கொண்டது. பத்து வருடம் கழித்து அந்த வளாகத்தின் ஒரு பகுதி மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்குப் போனது. அலெக்சாண்டர் அர்புத்நாட் என்ற அதிகாரி 1846-ல் தொடங்கிய கிளப் அது. பின்னாளில் சில காலம் மெட்ராஸின் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர் அவர். அன்று கிளப்பில் ஐரோப்பியர் மட்டும்தான் உறுப்பினர்.

வெள்ளைக்காரர்கள்தான் நமக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நாம் சொல்வது வழக்கம். கிளப்புகளின் கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஊர் நினைப்பு வராமல் இருக்க அவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டார்கள். நம்மவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பம்பாயில் பார்சிகள் 1848-லேயே கிளப் தொடங்கினார்கள். 1886-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிப் போய் ஆடிவிட்டும் வந்தார்கள். ஆனால் சொந்த ஊர் மைதானத்தில் அவர்கள் ஆடும் புல்தரையை வெள்ளைக்காரரின் போலோ குதிரைகள் மிதித்து நாசம் செய்வதை நிறுத்தவே வருடக்கணக்கில் மனு எழுத வேண்டியிருந்தது.

மெட்ராஸில் அந்த வேலியைத் தாண்டியவர் புச்சி பாபு நாயுடு. பாரி என்ற வணிகக் கம்பெனிக்குத் துபாஷாக, அதாவது இடைத்தரகராக, இருந்த குடும்பம், மயிலாப்பூர் லஸ் ஹவுஸ், வீட்டிலேயே ஆங்கிலேய ஆசிரியைகள். பணத்துக்கும் ஆங்கிலத்துக்கும் குறைவில்லாத அந்த மனிதருக்கே சேப்பாக்கத்தில் என்ன மரியாதை கிடைத்தது? ஐரோப்பியர்கள் பெவிலியனில் உட்கார்ந்து சாப்பிட, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்த அவமானம் பொறுக்காமல்தான் 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை எஸ்பிளனேடில் தொடங்கினார் என்று இன்றுவரை சொல்கிறார்கள். பையன்களைத் தேடிப் பிடித்து, மட்டையும் காலுறையும் கொடுத்து ஆடவைத்தார்.

அப்புறம் வெள்ளைக்காரர்களிடமே பேசி, ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதும் பிரசிடென்ஸி மேட்சுக்கு ஏற்பாடு செய்தார். 1908-ல், அந்த ஆட்டம் நடக்கும் தறுவாயில், நாற்பது வயதில் இறந்துபோனார். ஆனாலும் ஆட்டம் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சேப்பாக்கத்தில் அந்த மேட்ச். பொங்கல் மேட்ச் என்றே ஊருக்கு அது பழகிப்போனது.

இங்கே ஒரு பெருமை சொல்வார்கள். பம்பாயில் இந்து அணி, முஸ்லிம் அணி, பார்சி அணி என்று மதவாரியாக ஆடினார்கள். நாம் இந்தியர் என்ற ஒரே அணியாக ஆடினோம் என்று. உண்மைதான். காந்தியே 1940-ல் அந்த மதவாரிப் போட்டியைக் கண்டித்தார். 1946-ஓடு அது நின்றும் போனது. ஆனால் அந்தப் பம்பாய்ப் போட்டியில்தான், மெட்ராஸ் கிரிக்கெட் அன்று எதிர்கொள்ளாத ஒரு கேள்வி பட்டப்பகலில் மைதானத்துக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பல்வங்கர் பாலு.

பாலுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1876-ல் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழிலோடு சேர்த்துத் தீண்டாமை சுமத்தப்பட்ட சாதி. புனாவில் முதலில் பார்சி கிளப்பில் பிட்ச்சைக் கூட்டி உருட்டுகிற வேலை, மாதம் 3 ரூபாய். பிறகு ஐரோப்பியர் கிளப்பில் 4 ரூபாய். அங்கே வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து போட வேண்டும். கிரெய்க் என்ற பெரிய பேட்ஸ்மேனுக்கு மணிக்கணக்காகப் போட்டுப் போட்டே இடது கைச் சுழலில் கைதேர்ந்துவிட்டார். அவர் கையில் மட்டையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

இந்தப் பந்துவீச்சு புனாவின் இந்து கிளப்புக்கும் தெரிந்தது. வெள்ளைக்காரரை ஜெயிக்க பாலு வேண்டும், சாதி மட்டும் உறுத்துகிறது. பெரிய விவாதத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மைதானத்துக்குள் எல்லோரும் தொட்ட அதே பந்தை அவரும் தொடலாம். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் உள்ளே கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறிந்துவிடுகிற மண் குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ வேண்டுமென்றால் அவர் சாதி வேலையாள் ஒருவர் மைதானத்தின் மூலைக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். மெட்ராஸில் வெள்ளைக்காரர் நம்மை மரத்தடிக்கு அனுப்பினார். புனாவில் நாமே நம்மில் ஒருவரை வெளியே நிறுத்தினோம். முதலாவதை மேடைதோறும் சொல்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

1906-ல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை 109 ரன்னில் தோற்கடித்தது. பாலுவோடு அவர் தம்பி சிவராமும் ஆடினார். 1911-ல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் பாலு எடுத்த விக்கெட்டுகள் 114. இருந்தும் இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 1923-ல் அவருடைய இன்னொரு தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. இதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கான தேர்தல் இடங்கள் பற்றிய 1932 புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் வரிசையில் அம்பேத்கர், நம்மூர் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு பாலுவின் பெயரும் இருக்கிறது. ஒரு சுழற்பந்து வீச்சாளர் எப்படி அங்கே வந்தார் என்று கேட்டால், அந்த மண் குவளை வழியாகத்தான் வந்தார்.

சரி, மெட்ராஸுக்குத் திரும்புவோம். 1934 பிப்ரவரியில் ஜார்டைன் தலைமையில் வந்த இங்கிலாந்து சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆடி ஜெயித்தது. அதே வருடம் நவம்பர் 4-ல் ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமும் இங்கேதான், மைசூரோடு. ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48, 59, நம்மவர்கள் 130. ராம் சிங் என்ற சீக்கியர் 11 விக்கெட். கேப்டன் ஜான்ஸ்டன், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி. முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன்.

கோபாலன் கதையில் ஒரு புதுச் சங்கதி இருக்கிறது: வேலை. ஜான்ஸ்டன்தான் அவரை பர்மா ஷெல்லில் சேர்த்துவிட்டார். ஹாக்கியிலும் கெட்டிக்காரரான கோபாலன் 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. தியான் சந்தின் ஹாக்கி அணி பெர்லினிலிருந்து தங்கத்தோடு திரும்பியது. எனக்கு முக்கியம் அந்த வேலைதான். நாள் முழுக்க, சில சமயம் நாட்கணக்கில் நடக்கிற ஆட்டம் இது. சம்பளம் பிடிக்காமல் லீவு தரும் கம்பெனி இல்லாதவனுக்கு இதில் இடமில்லை. கல்லூரி, கிளப், கம்பெனி என்ற மூன்று படிகளும் சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தன. ஏறியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே படித்த, ஏற்கெனவே வசதியான சாதிகள். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கிரிக்கெட் ஆட, வட சென்னையின் உழைப்பாளர் பகுதியான வியாசர்பாடி கால்பந்தையும் கேரமையும் பிடித்துக்கொண்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கால்பந்துக்குப் பந்து ஒன்று போதும், சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும்.

1952-ஐ மட்டும் சொல்லாமல் விட முடியாது. பிப்ரவரி 6, இங்கிலாந்தோடு டெஸ்ட் தொடங்கிய நாள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தியும் அன்றுதான் வந்தது. மறுநாள் ஆட்டம் இல்லை. சுழற்பந்து வீச்சாளர் வினு மன்கட் 12 விக்கெட் எடுக்க, 10-ஆம் தேதி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் பெற்றது. பொங்கல் மேட்சும் அந்த சீசனோடு நின்றது. மரத்தடிக்கும் அந்த வெற்றிக்கும் இடையில் அறுபது வருடங்களுக்கு மேல்.

அந்த மூன்று படிகளில் ஏறாமல் வருகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன் 2020 டிசம்பரில் இந்தியாவுக்காக ஆடினார், அடுத்த மாதம் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். 2023-ல் அவர் தன் கிராமத்தில் சொந்தமாக ஒரு மைதானம் கட்டித் திறந்தார். புச்சி பாபு கிளப் தொடங்கியபோது அவர் பின்னால் துபாஷ் குடும்பத்துப் பணம் இருந்தது. நடராஜன் போட்டது பந்து வீசிச் சம்பாதித்த பணம்.