நிற்பவர்கள், இடமிருந்து வலம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 29, தயான் சந்தின் பிறந்த நாள். தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். சென்ற ஆண்டு அந்த நாளில் எங்கள் மாவட்டத்து முன்னாள் வீரர்களுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினோம். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். "சாருக்குத்தான் எல்லோரையும் தெரியும்" என்று சொல்லி, பட்டியல் தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

விழா பத்தரை மணிக்குத் தொடங்கியது. முதலில் நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை. அடுத்து சிறப்பு விருந்தினருக்கு. அதற்கடுத்து, சிறப்பு விருந்தினரை அழைத்து வந்தவருக்கு. வீரர்களின் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை. பின்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுப் பந்தியை நோக்கிக் காலியாகிக்கொண்டிருந்தன.

எழுபதை நெருங்கும் கபடி வீரர் ஒருவரை அழைத்தோம். இடது முழங்கால் மடங்காததால் காலைப் பக்கவாட்டில் வீசி வீசிப் படியேறினார். பொன்னாடையும் கேடயமும் வாங்கிக்கொண்டு இறங்கியவர் நேரே என்னிடம் வந்தார். கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சார், மாநில அணிக்காக ஒரு தடவை தேசியப் போட்டிக்குப் போனேனே, அதற்கு ஒரு சர்டிபிகேட் கிடைக்குமா?" என்று கேட்டார்.

அவர் கையிலிருந்த கேடயத்தில் 'மூத்த கபடி வீரர்' என்று நாங்கள்தான் பொறித்துக் கொடுத்திருந்தோம். எந்த அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினாலும் அது செல்லாது. இன்று நான் பேச வந்திருப்பது அவர் கேட்ட அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் வழங்குகிறது. வயது 58 நிறைந்திருக்க வேண்டும். தேசிய அளவிலோ அதற்கு மேலோ தமிழ்நாட்டின் சார்பில் ஆடி வென்றிருக்க வேண்டும். நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. மத்திய அரசின் ஓய்வூதியம் வேறு. அது 1994இல் வந்தது. அதற்குச் சர்வதேசப் பதக்கம் வேண்டும். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவருக்கு மாதம் 20,000 ரூபாய், ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவருக்கு 14,000 ரூபாய் என்று 2018இல் தொகையை உயர்த்தினார்கள்.

இந்த இடத்தில் ரங்கநாதன் பிரான்சிஸ் நினைவுக்கு வருகிறார். சென்னையைச் சேர்ந்த ஹாக்கி கோல்கீப்பர். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று தங்கம் வென்ற மூன்று ஒலிம்பிக் அணிகளிலும் இருந்தவர். அவர் இறந்தது 1975இல். ஓய்வூதியம் வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கையில் சான்று இருந்தது, திட்டம் இல்லை. எங்கள் கபடி வீரருக்குத் திட்டம் இருக்கிறது, சான்று இல்லை.

சான்றிதழ் எப்படித் தொலைகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு முறை கூரை வீட்டில் மழையோடு வாழ்ந்து பார்த்தால் கேட்க மாட்டார்கள். எங்கள் பட்டியலில் இருந்த ஒருவருடைய சான்றிதழ்கள் வெள்ளத்தில் போயின. இன்னொருவர் ஓரிடத்தில் வேலைக்காக அசலையே கொடுத்துவிட்டு, வேலையும் கிடைக்காமல் சான்றிதழும் திரும்பாமல் இருக்கிறார். பெண்களின் கதை இன்னும் சிக்கலானது. சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து இருக்கும். ரேஷன் கார்டில் கணவரின் முதலெழுத்து வந்துவிடும். மாவட்ட அணிக்கு ஆடிய பெண்ணும் மனு கொடுக்க வந்திருக்கும் பெண்ணும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது யார்? கூட ஆடியவர்கள் எல்லோரும் கல்யாணமாகி, ஆளுக்கொரு முதலெழுத்தோடு ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள்.

கிரிக்கெட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி நடந்தது. ஒரே நாளில் முடிந்துவிட்டது. சென்னை அணியின் ஏ. ஜி. ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நான் இதை உங்களிடம் தயங்காமல் சொல்ல முடிகிறது. காரணம், அன்று மைதான ஓரத்தில் ஒருவர் பென்சிலும் ஸ்கோர் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார். எழுபதுகளின் இறுதியில் கபடியில் மாநிலத்துக்கு ஆடியவர்கள் யார் யார் என்று கேளுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள், மூவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள்.

கால்பந்தில் சைமன் சுந்தரராஜ் என்ற தமிழர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். பயிற்சியாளராகவும் ஒரு சாதனை செய்தார்: 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியைப் பழக்கியவர் அவர்தான். எடைதூக்கும் போட்டியில் ஏகாம்பரம் கருணாகரன் 1978இல் எட்மன்டன் காமன்வெல்த் விளையாட்டில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். இவர்களை நாம் எவ்வளவு மறந்தாலும், பெரிய போட்டிகளின் ஏடுகள் மறக்காது. அந்த உயரத்துக்கு ஒரு படி கீழே நின்றவர்களைத்தான் யாருடைய ஏடும் காப்பாற்றுவதில்லை. மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆடியவர்கள் எண்ணிக்கையிலும் அதிகம், தேவையிலும் அதிகம்.

அவர்களுடைய ஏட்டை எழுதியவர் மாவட்டச் சங்கச் செயலாளர்.

விளையாட்டு நிர்வாகி என்றதும் நேயர்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். எனக்குப் புரிகிறது. 'ஓய்வு பெற்ற நிர்வாகி' என்ற சொல்லே நம் நாட்டில் அபூர்வம். நாற்காலியை விடாதவர்களுக்காகத்தான் 2011ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு விதித்தொகுப்பு எழுபது வயது வரம்பு போட்டது. நான் சொல்வது அவர்களை அல்ல. பகலில் கூட்டுறவுச் சங்கத்திலோ தாலுகா அலுவலகத்திலோ எழுத்தராக வேலை பார்த்துவிட்டு, மாலையில் சைக்கிள் கேரியரில் சுண்ணாம்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்த ஆட்களைச் சொல்கிறேன். கோடு போடுவது, நடுவருக்கு டீ வாங்குவது, தோற்ற அணி ஸ்கோர் மேசையைக் கவிழ்க்காமல் பார்த்துக்கொள்வது, இரவு பஸ் போய்விட்டால் பிள்ளைகளைத் தன் வீட்டுத் திண்ணையில் படுக்க வைப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு மனுப்போடும் வீரர் தேசியப் போட்டியில் ஆடியதற்கான சான்று தர வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் மாநிலச் சங்கத்தின் செயலாளர். அவருக்கு விவரம் போவது மாவட்டச் செயலாளரிடமிருந்து. ஒரு குடும்பத்தின் சோறு அந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகப் போனவர் அவர். நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்கள் தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளுக்கு 'டிரில் மாஸ்டர்'களாகப் போனார்கள். என்னைப் பழக்கிய மாஸ்டரும் அங்கே படித்தவர்தான். போட்டி முடிந்தால் முடிவை அன்றிரவே எழுதிவிட வேண்டும் என்பார்; மறுநாள் எழுதினால் தோற்றவன் ஜெயித்துவிடுவான் என்று சிரிப்பார்.

ஆடியவரே அமைப்பையும் நடத்திய கதை சதுரங்கத்தில் இருக்கிறது. மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1972இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகப் போய் ஆடிய இடம் அது. சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுபவரே தாளில் எழுதியாக வேண்டும் என்று விதி. கபடியில் மூச்சைப் பிடித்துப் பாடிப் போகிறவனிடம் பேனாவைக் கொடுக்க முடியாதே!

சரி, எங்கள் கபடி வீரரிடம் வருகிறேன்.

அவர் ஆடிய காலத்தில் மாவட்டச் செயலாளராக இருந்தவர் இப்போது இல்லை. அவருடைய மனைவி இருக்கிறார். விழா முடிந்த இரண்டாவது வாரம் தேடிப்போனேன். பரணில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. "வீட்டை வெள்ளையடிக்கும்போதெல்லாம் தூக்கிப்போடச் சொல்லிப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், சார். அவர் கையெழுத்து இருக்கிறதே என்று வைத்திருக்கிறேன்" என்றார் அந்த அம்மா. பேரன் ஏணி போட்டு இறக்கினான். திறந்ததும் நாப்தலின் நெடி.

உள்ளே ரசீதுப் புத்தகங்கள், ஒரு விசில், நூல்கட்டில் பத்திரிகைத் துணுக்குகள், நீள நோட்டுகள் நான்கு. நோட்டில் வீரரின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர், அவருக்குக் கொடுத்த படிப்பணம், அதற்கு வாங்கிய கையொப்பம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ஊதா மையில் கட்டைவிரல் ரேகை. நோட்டின் நடுவே மடித்து வைத்த ஒரு தாள்: ரயில் கட்டணச் சலுகைக்காக அனுப்பிய விண்ணப்பத்தின் கார்பன் பிரதி. பன்னிரண்டு பெயர்கள், வயதோடு. ஒன்பதாவது பெயர் நம்மவருடையது. நீல எழுத்து மங்கிப்போய், சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இதை நான் சொல்லியாக வேண்டும். நானும் ஒரு சங்கத்தில் ஆறு ஆண்டுகள் இணைச் செயலாளராக இருந்தவன். வேறு விளையாட்டு, பெயர் வேண்டாம். சங்கம் இரண்டாகப் பிளந்தபோது பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்தன. எந்தத் தரப்புக்கும் கொடுக்கக் கூடாது என்ற வீம்பில், நான் வேலை பார்த்த பள்ளியின் விளையாட்டு அறைப் பரணில் ஏற்றி வைத்தேன். ஏழெட்டு ஆண்டு கழித்து இறக்கியபோது அட்டை மட்டும் இருந்தது. உள்ளே கரையான் புற்று. எத்தனை பேருடைய ஆட்டம் அந்த மண்ணில் கிடந்தது என்று அப்போது எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. வாரியலால் கூட்டித் தள்ளினேன்.

கார்பன் பிரதிக்குச் சான்றொப்பம் வாங்கி, படிப்பணத்துக்காக நோட்டில் அவர் போட்ட கையொப்பத்தின் நகலோடு, கூட ஆடிய இருவரின் உறுதிமொழியும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. அவர் வாரம் ஒரு முறை போன் செய்கிறார்; நான் வாரம் ஒரு முறை அலுவலகத்துக்குப் போன் செய்கிறேன்.

இந்த ஆண்டு விழாவில் பொன்னாடையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காசில் ஒரு ஸ்கேனரும், பழைய செயலாளர்களின் வீடு வீடாகப் போய்ப் பெட்டி இறக்க இரண்டு கல்லூரிப் பையன்களும் போதும். நன்கொடையாளர்கள் வருத்தப்படுவார்கள் என்று ஓர் உறுப்பினர் எச்சரித்தார். பச்சைப் பெட்டி வைத்திருந்த அந்த அம்மாவை முதலில் மேடையேற்றப் போகிறோம் என்று சொன்னதும் அவரே ஒத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டியின் அடியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கமாக இருக்கலாம். மாவட்டப் பெண்கள் பூப்பந்து அணி. படத்தின் கீழே 'அமர்ந்திருப்பவர்கள்', 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று தட்டச்சு செய்து ஒட்டிய தாள். எட்டுப் பெண்களில் ஏழு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒருவர் திருப்பூரில் இருக்கிறார், ஒருவர் பேத்தியோடு சிங்கப்பூரில். நிற்பவர்களில் நான்காவது பெண்ணைத்தான் யாருக்கும் தெரியவில்லை. ஒட்டிய தாள் அந்த இடத்தில் கிழிந்து, முதலெழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது: 'மு'. இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். மற்றவர்கள் மட்டையை வலது கையில் பிடித்திருக்க, இவர் மட்டும் இடது கையில் பிடித்திருக்கிறார். வலது முழங்கையில் ஒரு கட்டு. எல்லோரும் கேமராவைப் பார்க்க, இவர் பக்கத்திலிருக்கும் பெண்ணைப் பார்த்து எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது அடையாளம் தெரிந்தால், அது உங்கள் அம்மாவாகவோ அத்தையாகவோ இருந்தால், அல்லது நீங்களேயாக இருந்தால், இந்த நிலையத்தின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். இப்போதைய முதலெழுத்தையும் மறக்காமல் எழுதுங்கள். வணக்கம்.