எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம். ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகும் பிள்ளையை எந்த அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோரோடு இன்று கொஞ்சம் பேச வேண்டும்.

ஒரே நகரத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் எட்டாம் வகுப்புத் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் எடுத்தவர்கள் 92 சதவீதம், மற்றதில் 71 என்று வைத்துக்கொள்வோம். மனம் முதல் பள்ளிக்குத் தாவிவிடும். ஆனால் அந்த 92-இல் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, வீட்டின் வசதி எவ்வளவு? அமெரிக்காவில் 1966-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். கட்டடம், கருவிகள், செலவு இவற்றைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் பிணைந்திருக்கிறது என்று தெரிந்தது. பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. படித்த பெற்றோர், அமைதியான வீடு, தனிப்பயிற்சி எல்லாம் வாய்த்த பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால், பாடம் சுமாராக நடந்தாலும் சராசரி உயர்ந்தே நிற்கும்.

அதனால் பார்க்க வேண்டியது வளர்ச்சியை. ஆறாம் வகுப்பில் நுழைந்தபோது பிள்ளை எங்கே இருந்தது, எட்டாம் வகுப்பை முடிக்கும்போது எங்கே வந்து நிற்கிறது? பின்னம் புரியாமல் வந்த பிள்ளைகளை இயற்கணிதம் போட வைத்து அனுப்புகிற பள்ளி 71 சதவீதத்தில் இருந்தாலும், என் கணக்கில் அதுதான் நல்ல பள்ளி. இங்கிலாந்தில் இடைநிலைப் பள்ளிகளுக்கு 2016-இல் கொண்டுவந்த ‘புரோக்ரஸ் 8’ என்ற அளவுகோல் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தை அளந்தார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எட்டாம் வகுப்பில் 30 பேர்தான் என்றால், மூன்று பேருக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலே 10 சதவீதம் சரிந்துவிடும். சிறிய பள்ளியை ஓராண்டு முடிவை வைத்து எடை போடாதீர்கள். மூன்றாண்டு முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

வருகைப் பதிவைக் கேட்கும்போதும் சராசரியோடு நின்றுவிடக்கூடாது. 93 சதவீத வருகை என்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் எப்போதாவது விடுப்பு எடுத்தாலும் அந்த எண் வரும். சிலர் மட்டும் வாரக்கணக்கில் வராமல் போனாலும் வரும். வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 200 வேலை நாள் என்றால் 20 நாள். கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்புதான். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து யாராவது போய் விசாரித்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை என்பது பதினொன்று முதல் பதினான்கு வரையிலான வயது. உடம்பு மாறுகிறது, நட்பு மாறுகிறது. அதுவரை ஒரே ஆசிரியரிடம் இருந்த பிள்ளைக்குத் திடீரென்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஆறு பேர் பாடம் எடுத்தாலும், இந்தப் பிள்ளை நான்கு நாளாக முகம் வாடி உட்கார்ந்திருக்கிறதே என்று கவனிக்க ஒருவர் வேண்டும். அவர் யார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெயரைச் சொன்னால் நல்லது. “எல்லோரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள்” என்றால் எனக்குக் கவலைதான். ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறார்களா என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது.

நேரில் போனால் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஒன்று, பெண் பிள்ளைகளின் கழிப்பறை. தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? இது இல்லாத பள்ளியில் பல பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், மாதத்தில் சில நாள் வரவே மாட்டார்கள். அறிவியல் கூடத்தைவிட இதை நான் முதலில் பார்ப்பேன்.

மற்றொன்று, மாணவரின் கணக்கு நோட்டு. அதுவும் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் ஒருவருடையது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘சரி’யும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் அது மேலதிகாரி பார்ப்பதற்காகத் திருத்திய நோட்டு. தவறிய வரியின் கீழே கோடு போட்டு, “இங்கே குறி மாறிவிட்டது” என்று எழுதி, அடுத்த பக்கத்தில் அந்தப் பிள்ளை அதே கணக்கை மறுபடி போட்டிருந்தால், அந்த வகுப்பறையில் கற்பித்தல் நடக்கிறது.

கடைசியாக, பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி. ஏழாம், எட்டாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள்? படிப்பில் பின்தங்கியவர்களைத் தேர்வுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால் எந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதமும் ஏறிவிடும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும், எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த பள்ளிக்குப் போய் இதே கேள்வியைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.